பழைய பென்ஸை விற்பதா, வைத்திருப்பதா? ஒரு கலியாணக் கார்க்காரரின் கணக்கு

யாழ்ப்பாணத்தில் கலியாணக் கார் ஓடுகிறவர்களிடம் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. வெளிநாட்டிலிருந்து வந்து மண்டபம் பார்க்கும் பெண் வீட்டார் காரைச் சுற்றிப் பார்ப்பார்கள். கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள். பிறகு தயங்கித் தயங்கி, “அண்ணை, இதைவிடப் புதுசு ஒண்டும் இல்லையோ?” என்பார்கள்.

என்னிடம் இருப்பது 1990ஆம் ஆண்டுத் தயாரிப்பு மெர்சிடிஸ் பென்ஸ் 250டி. கார்ப் பைத்தியங்கள் டபிள்யூ124 என்று சொல்லும் உருவம். 2011இல் கொழும்பில் வாங்கினேன். அதற்கு இப்போது 35 வயது தாண்டிவிட்டது. கனடாவிலுள்ள தம்பி கடந்த வருடம் வந்து நின்றபோது, “அண்ணா, இன்னும் இந்தப் பழசையோ ஓடுறியள்? வித்துப்போட்டுப் புதுசு எடுங்கோ, நான் 40 இலட்சம் தாறன்” என்றான். ஆறு மாதம் இதை யோசித்தேன், விசாரித்தேன், கொழும்புக்கும் போய் வந்தேன். அந்த ஆறு மாதத்தில் தெரிந்துகொண்டதை, இதே முடிவின் முன்னால் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். பென்ஸ் இல்லாதவர்களுக்கும், பழைய கிறவுண், செட்ரிக் வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் என் அப்பாவின் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் காரைப் பார்க்கும் பார்வை அங்கிருந்துதான் வந்தது.

அப்பாவிடம் ஒஸ்ரின் ஏ40 சோமசெற் இருந்தது. 1953ஆம் ஆண்டுக் கார். அந்தக் காலத்தில் அதுதான் எங்கள் பகுதியில் மாப்பிள்ளை ஏறுகிற கார். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியதும் வடக்குக்குப் பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடை. மண்ணெண்ணெய் மட்டும் ஏதோ விலைக்குக் கிடைத்தது. புதிய ஜப்பான் கார்கள் வைத்திருந்தவர்கள் அவற்றை மூடிக்கட்டிக் கொட்டிலுக்குள் விட்டார்கள். ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் ஓடின.

ஏன் ஓடின என்பது இளையவர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே சிறிய போத்தலில் வைத்திருக்கும் கொஞ்சப் பெற்றோலைச் சேலைன் குழாய் வழியாகக் காபரேற்றருக்கு விட்டு எஞ்சினைக் கிளப்புவோம். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தப் பழைய எஞ்சினின் அமுக்க விகிதம் சுமார் 7தான். பிற்காலப் பெற்றோல் எஞ்சின்களில் அது 9, 10 என்று உயர்ந்துவிட்டது. அமுக்கம் குறைவாக இருந்தபடியால் மண்ணெண்ணெயை அது சகித்துக்கொண்டது. ஆனாலும் ‘நொக்’ அடிக்கும், இக்னிசனைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைக்க வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும், ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒயிலுக்கும் தட்டுப்பாடு. அப்பா பழைய ஒயிலைத் துணியில் வடிகட்டி வைத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. காரின் பின்னால் வெள்ளைப் புகை. அந்தக் காருக்குள் இருந்த எந்தப் பாகத்தையும் ஊருக்குள்ளேயே கழற்றிப் பூட்ட முடிந்தது. கொழும்பிலிருந்து ஒன்றும் வரவேண்டியிருக்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு அந்தக் காரில்தான் வெளிக்கிட்டோம். நாவற்குழிப் பாலத்தில் மனிதர் நடக்கும் வேகத்தைவிட மெதுவாக நகர்ந்தது. அம்மம்மா முன் இருக்கையில். பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் எண்ணெய் முடிந்துவிட்டது. மிகுதித் தூரம் தள்ளினோம். மீசாலையில் சொந்தக்காரரின் மாமரத்தடியில் அதை விட்டோம். அடுத்த ஆண்டு கிளாலிக் கடலால் வன்னிக்குப் போனபோது படகில் ஆட்களும் பைகளும்தான் போகலாம், கார் போகாது. 2002இல் பாதை திறந்து திரும்பி வந்தபோது அந்த வளவில் அடிச்சட்டமும் ஒரு சில்லு றிம்மும் கிடந்தன. பதிவுப் புத்தகத்தை மட்டும் அப்பா காணி உறுதிகளோடு சேர்த்துப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டு திரிந்திருந்தார். அது இன்னும் வீட்டில் இருக்கிறது.

இனி கணக்குக்கு வருவோம்.

என்னுடைய 250டியில் இருப்பது 2497 சிசி, ஐந்து சிலிண்டர் டீசல் எஞ்சின். சுமார் 90 குதிரைவலு. ஏற்றத்தில் லொறியோடு போட்டி போட முடியாது. ஆனால் டீசல் பம்ப் முழுக்க முழுக்கப் பொறிமுறையானது, எஞ்சினை நடத்தக் கணினி தேவையில்லை. சாதாரண டீசலிலேயே ஓடும். எஞ்சினை நிறுத்துவதுகூட வெற்றிடக் குழாய் மூலம்தான். அந்த இறப்பர் குழாய் வயதாகி வெடித்தால் சாவியைக் கழற்றிய பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருமுறை மாப்பிள்ளையைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், கார் சாவகாசமாக உறுமிக்கொண்டு நின்றது. பொனற்றைத் திறந்தால் பம்பின் பக்கத்தில் ‘நிறுத்து’ என்ற பொருளில் எழுதப்பட்ட சிறு நெம்பு இருக்கும், அதை அழுத்த வேண்டும். டபிள்யூ124 டீசல் வைத்திருப்பவர்கள் அது எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள்.

கடந்த மூன்று ஆண்டுகளில் இந்தக் காருக்கு நான் செலவழித்தது 11 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். சஸ்பென்சன் இறப்பர்கள், பம்ப் திருத்தம், நான்கு ரயர், குளிரூட்டி. குளிரூட்டிக்குத்தான் பெரிய தொகை போனது. 1990ஆம் ஆண்டுக் கார்களில் ஆர்12 என்ற வாயு. ஓசோன் படலத்தைப் பாதிப்பதால் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் அது கைவிடப்பட்டது. ஆர்134ஏ வாயுவுக்கு மாற்றும்போது கொம்பிரசரையும் குழாய்களையும் சேர்த்து மாற்றினேன். ஆண்டுக்கு 3 இலட்சத்து 80 ஆயிரம் என்று பார்க்கும்போது பெரிய தொகையாகத்தான் தெரியும். தம்பியும் இதைத்தான் காட்டினான். ஆனால் இதை வைத்திருக்கும் செலவை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. மாற்றுவதற்கான செலவைப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

புத்தம்புதிதை முதலிலேயே விட்டுவிட்டேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி 1 முதல் தனிப்பட்ட வாகனங்களுக்குத் திறக்கப்பட்டது. பாவித்த கார் என்றால் 3 ஆண்டுகளுக்கு மேற்படாததாக இருக்க வேண்டும். சுங்கவரி, அதன் மேல் மேலதிக வரி, எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்த உற்பத்தி வரி, 18 வீத வற் வரி. இறக்குமதிப் பெறுமதி 50 இலட்சத்தைத் தாண்டும் பெற்றோல் கார்களுக்கு ஆடம்பர வரி வேறு. இத்தனைக்கும் பிறகு ஒரு ஈ கிளாஸ் பென்ஸ் கலியாண ஓட்டத்தில் முதலை எடுக்கும் என்று நினைப்பவர், ஒரு வருடத்தில் எத்தனை முகூர்த்தம் வருகிறது என்று எண்ணிப் பார்க்காதவர்.

ஆகவே நாட்டுக்குள் ஏற்கெனவே ஓடும் கார்கள்தான் தெரிவு. பென்ஸின் தலைமுறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என்னுடையது 1984 இறுதியில் அறிமுகமாகி 1990களின் நடுப்பகுதிவரை வந்தது. அடுத்தது 1995இல் வந்த, நான்கு வட்ட விளக்கு முகம் கொண்ட டபிள்யூ210. அது துருவுக்குப் பேர்போனது. யாழ்ப்பாணத்தின் உப்புக் காற்றுக்கு அதைக் கொண்டுவருவது நெருப்புக்குப் பஞ்சு கொண்டுவருவது மாதிரி, அதை விட்டுவிடலாம். 2002இலிருந்து 2009வரை டபிள்யூ211. 2009இலிருந்து 2016வரை டபிள்யூ212.

எனக்கு ஆசை காட்டியது டபிள்யூ211தான். கொழும்பில் ஒரு 2005ஆம் ஆண்டுக் கார், கேட்ட விலை 90 இலட்சம். என் காருக்கு ஒருவர் 38 இலட்சம் தர ஆயத்தமாக இருந்தார். தம்பியின் 40 சேர்ந்தால் 78. மிகுதி 12 இலட்சத்தைக் கடனாகப் புரட்டலாம். மனதளவில் நான் அந்தக் காரை வாங்கி, பூவும் கட்டிவிட்டேன்.

என்னோடு வந்த மெக்கானிக் அண்ணை பொனற்றைத் திறக்குமுன் பிறேக்கைப் பற்றித்தான் கேட்டார். 2006 நடுப்பகுதிவரை வந்த டபிள்யூ211களில் எஸ்பிசி என்ற மின்னணு பிறேக் முறை. காலால் மிதிப்பது ஒரு சமிக்ஞைதான், அழுத்தத்தை உருவாக்குவது மின்பம்ப். 2004 மே மாதத்தில் நிறுவனமே இந்த முறை பொருத்தப்பட்ட 6 இலட்சத்து 80 ஆயிரம் கார்களைத் திருப்பி அழைத்தது. 2006 மாற்றத்தோடு அதைக் கைவிட்டு வழமையான பிறேக்குக்குத் திரும்பிவிட்டார்கள். அந்தப் பம்புக்குள் எத்தனை தடவை மிதித்தீர்கள் என்று எண்ணும் எண்ணி இருக்கிறது. குறித்த எண்ணிக்கை வந்ததும் எச்சரிக்கை காட்டும், பம்பை மாற்ற வேண்டும். அண்ணை கணினியைப் பூட்டிப் பார்த்தார். “தம்பி, இது வேலை செய்யேக்க நல்ல கார். நிண்டால் யாழ்ப்பாணத்தில ஆர் பாக்கிறது? கொழும்புக்குத் தூக்கிக்கொண்டு வரத்தான் வேணும். அண்டைக்குக் கலியாணம் எண்டால்?” என்றார்.

2006க்குப் பிந்தியது என்றால் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனாலும் அந்த வயதுக் கார்களில் காற்று சஸ்பென்சன் இருக்கிறதா, சாதாரண ஸ்பிறிங்கா என்று கட்டாயம் கேளுங்கள். காற்றுப் பை கசிந்தால் இரவில் நிறுத்திய கார் காலையில் வயிற்றில் படுத்திருக்கும்.

அந்தக் காரை வாங்காமல் வந்ததற்கு இரண்டாவது காரணம் ஆவணம். விற்பவரின் பெயர் பதிவுச் சான்றிதழில் இல்லை. பதிவிலுள்ளவர் வெளிநாட்டில். உரிமை மாற்றப் படிவத்தில் கையொப்பம் மட்டும் இருக்கிறது, திகதியும் வாங்குபவர் பெயரும் வெறுமை. ‘ஓப்பின் பேப்பர்’ என்று நம் ஊரில் சாதாரணமாகச் சொல்லிக்கொள்வார்கள், சிலர் அதை ஒரு வசதியாகவே நினைப்பார்கள். அது வசதி இல்லை. அந்தக் கையொப்பக்காரர் இறந்துபோனால், அல்லது கையொப்பம் பொருந்தவில்லை என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் சொன்னால், நீங்கள் காசு கொடுத்த கார் இன்னொருவருடையது. விபத்து நடந்தால் காப்புறுதிக் கோரிக்கையிலும் இடைஞ்சல் வரும். வீடும் ஆவணமும் சேர்ந்து தொலைந்த சனம் நாங்கள். எங்கள் பெயரில் ஒரு கடதாசி இல்லாததால் எத்தனை கந்தோர்ப் படிகள் ஏறினோம் என்பது ஒவ்வொரு வீட்டிலும் தெரியும். காசு கொடுத்து அந்த நிலைக்கு இன்னொருமுறை போக எனக்கு விருப்பமில்லை.

ஆவணம் பார்க்கும்போது அடிச்சட்ட இலக்கத்தையும் காரில் உள்ளதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பழைய பென்ஸில் அது நிறையச் சொல்லும். 250டி என்றால் டபிள்யூடிபி என்ற மூன்று எழுத்துக்குப் பின் 124125 வரும். அதற்கு அடுத்த இலக்கம் 2 என்றால் வலப்பக்க ஸ்ரியரிங்குடன் பிறந்த கார், 1 என்றால் இடப்பக்கம். இங்கே நிற்கும் வலப்பக்கக் காரின் இலக்கம் 1 என்று சொன்னால், ஒன்றில் ஸ்ரியரிங் மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது அந்த இலக்கம் அந்தக் காருடையதல்ல. இரண்டுமே விலகிப் போவதற்குப் போதுமான காரணம். லீசிங்கில் இருக்கும் கார் என்றால் பதிவுச் சான்றிதழில் அந்த நிறுவனத்தின் பெயரும் இருக்கும். விடுவிப்புக் கடிதம் இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்து டபிள்யூ212. உண்மையில் நல்ல கார், அதைக் குறை சொல்ல மாட்டேன். நான் பார்த்தது 2014ஆம் ஆண்டு டீசல் ஹைபிரிட், ஹைபிரிட்டுக்கு வரி குறைவாக இருந்த காலத்தில் இறங்கியது. ஓட்டிப் பார்த்தபோது என் கார் ஒரு மாட்டுவண்டி போல நினைவுக்கு வந்தது. கேட்ட விலை 1 கோடி 70 இலட்சம். என் 38, தம்பியின் 40 போக மிகுதி 92 இலட்சம். ஐந்து ஆண்டு லீசிங்குக்கு எனக்குச் சொல்லப்பட்ட மாதத் தவணை 2 இலட்சத்து 14 ஆயிரம். ஆண்டுக்கு 25 இலட்சத்து 68 ஆயிரம்.

என் வருமானம் என்ன? எனக்கு ஒரு வருடத்தில் சுமார் 45 கலியாண ஓட்டம். ஒன்றுக்கு 35 ஆயிரம். மொத்தம் 15 இலட்சத்து 75 ஆயிரம், டீசலும் பூவும் போக முன். புதிய காருக்கு 60 ஆயிரம் கேட்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். 45 ஓட்டமும் குறையாமல் வந்தால் 27 இலட்சம். தவணை போக மிஞ்சுவது 1 இலட்சத்து 32 ஆயிரம். அதற்குள் டீசல், காப்புறுதி, ரயர், என் வீட்டுச் சாப்பாடு.

தவணை மாதாமாதம் வரும், ஆனால் கலியாணம் அப்படி வராது. ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை. புலம்பெயர்ந்த உறவுகள் பள்ளி விடுமுறைக்கு வரும் ஜூலை, ஓகஸ்ட்டில் பாதி ஆடியாகப் போய்விடும், பிறகு ஆவணி முகூர்த்தங்களில் எல்லாரும் ஒரே நாளில் கார் கேட்பார்கள். ஒரு காரை வைத்துக்கொண்டு ஒரு நாளில் மூன்று கலியாணத்துக்குப் போக முடியாது. வன்னியில் எல்லாம் இழந்து வந்து, லீசிங்கில் எடுத்த உழவு இயந்திரமும் முச்சக்கரவண்டியும் தவணை தவறி வாசலிலிருந்து எடுத்துப் போகப்பட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பென்ஸ் என்பதற்காக அந்தக் கடன் வேறு மாதிரி நடந்துகொள்ளாது.

எரிபொருளையும் யோசித்தேன். இந்தப் புதிய டீசல் எஞ்சின்களில் அதியுயர் அழுத்த இன்ஜெக்டர்களும் புகைபோக்கியில் கரித்துகள் வடிகட்டியும் இருக்கின்றன. அவற்றுக்குக் கந்தகம் குறைந்த சுப்பர் டீசல்தான் ஏற்றது. அது எல்லா நிரப்பு நிலையங்களிலும் கிடைப்பதில்லை. குறுந்தூர ஓட்டம்தான் கலியாணக் காரின் தொழில், வீட்டிலிருந்து கோயில், கோயிலிலிருந்து மண்டபம். வடிகட்டி சூடேறித் தன்னைத் துப்புரவாக்கிக்கொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும். 2022இல் கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லீற்றர் என்று வரிசையில் நின்றபோது, என்ன டீசல் என்று கேட்டுத் தெரிவுசெய்யும் நிலை யாருக்கும் இருக்கவில்லை. கிடைத்ததை ஊற்றினோம். என் கார் அதைக் குடித்துக்கொண்டு ஓடியது. அப்பாவின் ஒஸ்ரின் அன்றைக்கு எனக்கு ஞாபகம் வந்தது.

எல்லாம் பார்த்து நான் வந்த முடிவு இதுதான். கையில் முழுப் பணம் உள்ளவர், வருடம் முழுக்க வேலை உள்ளவர், நல்ல ஆவணத்தோடு ஒரு டபிள்யூ212 கிடைத்தால் தாராளமாக மாற்றலாம். கையில் நல்ல நிலையிலுள்ள டபிள்யூ124 இருப்பவர், காசு பத்தாததால் நடுவிலுள்ள தலைமுறைக்கு மாறுவதுதான் நட்டம். அந்தக் கார்களில் புதியதன் சிக்கல் எல்லாம் வந்துவிட்டது, புதியதன் ஆயுள் போய்விட்டது. விலை குறைவாகத் தெரிவதற்குக் காரணமே அடுத்த பெரிய திருத்தம் வாங்குபவரின் தலையில் விழப்போவதுதான்.

ஆனால் ‘பழசே நல்லது’ என்று கண்ணை மூடிக்கொண்டிருக்கவும் கூடாது. டபிள்யூ124ஐக் கொல்வது எஞ்சின் அல்ல, துரு. ஜாக்கி வைக்கும் இடங்களிலுள்ள பிளாஸ்ரிக் மூடிகளைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் பிளாஸ்ரிக் பலகைகளுக்குப் பின்னால் பாருங்கள், அவை அழகாக இருக்கும், பின்னால் தகடு கரைந்திருக்கும். முன் மட்கார்ட் துருப்பிடித்தால் மாற்றலாம், அது பூட்டிக் கழற்றும் பாகம். பாரம் தாங்கும் அடித்தகடு உக்கிவிட்டால் அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள், உதிரிப் பாகத்துக்கு விற்றுவிடுங்கள். 1992க்குப் பிந்தைய பெற்றோல் மாதிரிகள் என்றால் எஞ்சினுக்குள் ஓடும் வயர்களின் உறை பொடிந்து உதிர்கிறதா என்றும் பாருங்கள், அந்த ஆண்டுகளில் பாவித்த உறைக்கு அந்தக் குணம் உண்டு. இன்னொன்று, இந்தக் காரில் காற்றுப்பைகள் எல்லாவற்றிலும் இல்லை. விபத்துப் பாதுகாப்பில் புதிய தலைமுறை எவ்வளவோ முன்னால் நிற்கிறது. நீண்ட தூரம், இரவில், ஏ9 வீதியில் குடும்பத்தோடு அடிக்கடி ஓடுபவர் என்றால் என் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம்.

என் காரை கராஜில் தூக்கிப் பார்த்தோம். அடித்தகடு திடமாக இருக்கிறது. முன் மட்கார்ட் இரண்டும், இடது ஜாக்கி இடமும் வேலை கேட்கின்றன. தம்பிக்குத் தொலைபேசி எடுத்து, 40 வேண்டாம், 8 இலட்சம் கடனாகத் தா என்றேன். துரு வேலை, முழுப் பூச்சு, இருக்கை உறைகள். பாகங்கள் பஞ்சிகாவத்தையில் சொல்லிவைத்தால் இரவு பஸ்ஸில் ஏறி விடிய யாழ்ப்பாணத்தில் இறங்கும். அவனுக்கு முதலில் கோபம். “நான் சும்மா தாறன் எண்டுறன், நீங்கள் கடன் கேக்கிறியள்” என்றான். பிறகு பூச்சுக்கு என்ன நிறம் என்று கேட்டான். அப்பாவின் ஒஸ்ரின் கறுப்பு. இதற்கும் கறுப்பே இருக்கட்டும் என்று அவன்தான் சொன்னான்.

வருடத்துக்கு 25 ஓட்டத்துக்குக் கீழே இறங்கினால், அல்லது அடித்தகட்டில் துரு கண்டால், இந்த முடிவை மாற்றுவேன் என்று கொப்பியில் திகதியோடு எழுதி வைத்திருக்கிறேன். வரும் ஆவணிக்கு ஆறு முகூர்த்தங்கள் பதிவாகியிருக்கின்றன. அதற்கு முன் மட்கார்ட் இரண்டையும் கழற்ற வேண்டும்.